இருதய வால்வும் உழைப்பாளியின் உயிரும்

மனிதனுடைய இருதயத்தில் கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது வால்வைத் தைத்து வைக்கும் வித்தை 1960-லேயே வைத்திய உலகத்துக்குக் கைவந்துவிட்டது. நம் நாட்டு விஞ்ஞானிகள் தாங்களே அப்படியொரு வால்வைச் செய்து, 1990-ல் ஒரு நோயாளியின் நெஞ்சில் பொருத்தி வெற்றி கண்டார்கள். இருந்தும் என்ன? மில் லைன் வீடுகளிலும், வயல்காட்டுக் குடிசைகளிலும், வாழவேண்டிய வயதில் மூச்சு முட்டிச் சாகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வைத்தியம் கண்டுபிடிக்கப்படாததால் அவர்கள் சாகவில்லை. கண்டுபிடித்த வைத்தியம் அவர்கள் வாசலுக்கு வந்து சேராததால் சாகிறார்கள்.

இருதய வியாதி என்றாலே நெய்யும் கறியும் தின்று, உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு வருவது என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு வரும் மாரடைப்பு ஒரு வகை. அதுவும் இப்போது பணக்காரனை மட்டும் தேடி வருவதில்லை. ஆனால் நாம் இங்கே பேசுவது வேறொரு வகையைப் பற்றி. அது நெருக்கடியான வீட்டில் பிறக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பிடிக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒளிந்திருந்து, அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் வயதில் அல்லது பிரசவ வேளையில் கழுத்தை நெரிக்கிறது. இதற்கு ருமாட்டிக் இருதய நோய் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் சாகிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் ஜனங்கள்.

பம்ப்செட்டும் இருதயமும்

கிணற்றில் பம்ப்செட் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இருதயத்தின் வேலையைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல. குழாயின் அடியில் புட் வால்வு இருக்கிறது. தண்ணீரை மேலே விடும். கீழே திரும்ப விடாது. புட் வால்வு பழுதானால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாது. கடைசியில் மோட்டாரே புகைந்துபோகும்.

இருதயமும் ஒரு பம்புதான். அதில் நான்கு வால்வுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை அவை திறந்து மூடுகின்றன. எந்த மில்லிலும் எந்த யந்திரமும் இப்படி ஓய்வில்லாமல் ஓடுவது கிடையாது. இந்த வால்வுகள் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, இதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டு வழி சுருங்கிப்போகும். மற்றொன்று, சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்கு ஒழுகும். சில பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ருமாட்டிக் நோய் பெரும்பாலும் இடது பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வைத்தான் தாக்குகிறது. அந்த வழி சுருங்கினால் நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இருதயத்துக்குள் இறங்க முடியாமல் அங்கேயே தேங்குகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கும். பிறகு படுத்தாலே மூச்சு முட்டும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே விடிய வேண்டியிருக்கும். இருமினால் ரத்தம் வரும். கால் வீங்கும், வயிறு வீங்கும். பம்பு தன் வேலையைச் செய்யமுடியாமல் தோற்றுப்போகிற இந்த நிலையைத்தான் டாக்டர்கள் இருதயச் செயலிழப்பு என்கிறார்கள்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. பஞ்சு மில்லில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்பவருக்கு மூச்சு வாங்கினால், "பஞ்சுத் தூசி" என்று சொல்லிவிடுவார்கள். களை எடுக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால், "ரத்த சோகை" என்பார்கள். ரத்தமாக இருமினால் காச நோய் என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த நோய்களும் உண்மையாகவே நம்மிடையே இருப்பதால், வால்வு நோய் அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நெஞ்சில் குழாய் வைத்துக் கவனமாகக் கேட்கும் டாக்டரும், எக்கோ பரிசோதனையும் கிடைத்தால் உண்மை வெளியாகும். அந்த இரண்டும் கிடைக்காமலேயே பலருடைய காலம் முடிந்துபோகிறது.

தொண்டைவலியில் ஆரம்பம்

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு சாதாரணத் தொண்டைவலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தொண்டையில் புண் உண்டாக்குகிறது. தொண்டை சில நாளில் ஆறிவிடும். ஆனால் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது சரியாகும்போது கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. கிருமியை எதிர்த்துக் கிளம்பிய உடம்பின் சொந்தப் பாதுகாப்புச் சக்தியே திசை தப்பி, மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குவதால் வரும் கோளாறு இது. மூட்டு வீக்கம் வடு இல்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த வடு போகாது. ஒவ்வொரு முறை தொண்டைவலி வந்து காய்ச்சல் திரும்பும்போதும் வடுவின் மேல் வடு விழும்.

ஏன் இது ஏழை வீட்டுப் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கிறது? கிருமிக்கு ஏழை, பணக்காரன் என்று தெரியாது. ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் தொண்டைப் புண் மறுநாள் இன்னொரு பிள்ளைக்குப் போகிறது. காற்றோட்டம் இல்லாத வீடு, சத்துக் குறைந்த சாப்பாடு, தொண்டைவலிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூலியை இழக்க முடியாத தாய் தகப்பன், இவைதான் கிருமிக்குக் கூட்டாளிகள்.

இது நம்முடைய கற்பனை அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த நோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்தது 1940-களில். ஆனால் அதற்கு முன்பிருந்தே அந்த நாடுகளில் இந்த நோய் குறைய ஆரம்பித்துவிட்டது. வீடும், சாப்பாடும், சுகாதாரமும் ஓரளவு சீரானதே அதற்குக் காரணம். பென்சிலின் வந்த பிறகு வேகமாகக் குறைந்தது. ஆகவே இந்த நோய்க்கு முதல் மருந்து நல்ல வீடு. இரண்டாவது மருந்து பென்சிலின். கத்தி கடைசியில்தான் வருகிறது.

விரலும் கத்தியும்

கத்தியின் கதையையும் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். இருதயத்தைத் தொட்டாலே ஆள் செத்துப்போவான் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1925-ல் லண்டன் ஆஸ்பத்திரியில் ஹென்றி சவுட்டர் என்ற சர்ஜன், மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு பெண்ணின் இருதயத்துக்குள் தன் விரலை விட்டு, வால்வைத் தடவிப் பார்த்து அகலப்படுத்தினார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்கள் அதன் பிறகு அவரிடம் இன்னொரு நோயாளியைக்கூட அனுப்பவில்லை. வழி தெரிந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கதவு மூடியே கிடந்தது.

1948-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் சார்லஸ் பெய்லியும், பாஸ்டன் நகரத்தில் ட்வைட் ஹார்க்கனும் அந்தக் கதவைத் திறந்தார்கள். பெய்லியின் முதல் நோயாளிகள் இறந்துபோனார்கள், அவர் விடவில்லை. 1953-ல் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் யந்திரத்தின் உதவியால் ஒரு நோயாளியின் இருதயத்தைத் திறந்து செப்பனிட்டார். அதற்குப் பிறகு இருதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, கண்ணால் பார்த்துக் கத்தி வைப்பது சாத்தியமாயிற்று.

1960-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற சர்ஜனும், லோவெல் எட்வர்ட்ஸ் என்ற இஞ்சினீயரும் சேர்ந்து செயற்கை மைட்ரல் வால்வைப் பொருத்தினார்கள். எட்வர்ட்ஸ் டாக்டர் அல்ல. பம்புகளிலும் நீரழுத்த யந்திரங்களிலும் அனுபவப்பட்டவர். ஒரு கம்பிக் கூண்டு; அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பந்து. இவ்வளவுதான் அந்த வால்வு. யந்திரத்தோடு பழகிய கைக்கும் மூளைக்கும் மனித உயிரைக் காப்பாற்றியதில் எவ்வளவு பங்கு உண்டு என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாடும் பின்தங்கி நிற்கவில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் ரீவ் பெட்ஸ் என்ற டாக்டர் நெஞ்சு அறுவைக்கென்றே தனிப் பகுதியை ஏற்படுத்தினார். அங்கேதான் 1961-ல் டாக்டர் கோபிநாத் திறந்த இருதய அறுவையைச் செய்தார். சென்னை பெரம்பூரில் ரயில்வே ஊழியர்களுக்கென்று ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் 1975-ல் டாக்டர் கே. எம். செரியன், இந்தியாவிலேயே முதன்முதலாக இருதய ரத்தக் குழாய் பைபாஸ் அறுவையைச் செய்தார். பணக்காரர்களின் நர்சிங் ஹோமில் அல்ல, தொழிலாளிகளின் ஆஸ்பத்திரியில் அது நடந்தது. ரயில்வே தொழிலாளியின் ஆஸ்பத்திரியில் முடிந்த காரியம் மில் தொழிலாளியின் ஆஸ்பத்திரியில் ஏன் முடியக்கூடாது?

நெஞ்சைப் பிளக்காமலே சுருங்கிய வால்வை விரிக்கும் முறையும் வந்திருக்கிறது. ஜப்பானிய டாக்டர் கான்ஜி இனோவே 1982-ல் அதைச் செய்து காட்டினார். தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக ஒரு சின்ன பலூனை இருதயத்துக்குள் செலுத்தி, வால்வில் வைத்து ஊதினால் ஒட்டிய இதழ்கள் பிரிகின்றன. இரண்டு மூன்று நாளில் நோயாளி வீட்டுக்குப் போகலாம். எல்லா வால்வுக்கும் இது பொருந்தாது. ஆனால் வால்வு ரொம்பவும் இறுகிப்போவதற்கு முன் வருகிற நோயாளிக்கு இது பெரிய வரப்பிரசாதம். முன்னால் வருவதில்தான் எல்லாம் இருக்கிறது.

லாபத்துக்குச் செய்த வால்வு

உயிர் காக்கும் பொருளும் லாபவேட்டையின் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். அமெரிக்க ராட்சஸ மருந்துக் கம்பெனியான ஃபைசருக்குச் சொந்தமான ஷைலி என்ற கம்பெனி, 1979 முதல் ஒரு புது மாதிரி வால்வை விற்றது. உலகமெங்கும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அது ஏறியது. அதில் தட்டைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி வெல்டிங் வைத்த இடத்தில் முறிய ஆரம்பித்தது. கம்பி முறிந்தால் தட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். ஆள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நூற்றுக்கணக்கானோர் இப்படி இறந்தார்கள். முறிவுகள் வெளிவந்த பிறகும் விற்பனை நடந்தது. 1986-ல்தான் அந்த வால்வு சந்தையிலிருந்து வாபஸ் ஆயிற்று. அதிகாரிகளிடம் உண்மையை மறைத்தது என்று அமெரிக்க சர்க்காரே சாட்டிய குற்றத்தை, 1994-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் கட்டி கம்பெனி தீர்த்துக்கொண்டது.

பதித்த வால்வை நெஞ்சில் சுமந்துகொண்டு, எந்த நிமிஷத்தில் முறியுமோ என்று பயந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ராத்திரிகளுக்கு யார் விலை கட்டுவது?

மக்கள் பணத்தில் செய்த வால்வு

இதற்கு நேர்மாறான கதை திருவனந்தபுரத்தில் நடந்தது. 1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைக் கேரள சர்க்காரிடம் கொடுத்தார்கள். அப்போது முதல் மந்திரியாக இருந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் அச்சுத மேனன். அந்த இடத்தில் சித்திரை திருநாள் மருத்துவ நிலையம் உருவாயிற்று. அதன் பொது சுகாதாரப் பகுதி இன்று அச்சுத மேனன் பெயரைத் தாங்கியிருக்கிறது. டாக்டர் வலியத்தான் என்ற இருதய சர்ஜன் அந்த நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். வெளிநாட்டு வால்வின் விலையைக் கொடுக்க முடியாமல் நோயாளிகள் திரும்பிப் போவதைக் கண்ட அவர், வால்வை இங்கேயே செய்வது என்று முடிவு செய்தார். பூஜப்புரையில் ஒரு மகாராணி வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை, வால்வு செய்யும் ஆராய்ச்சிக்கூடமாக மாறிற்று.

வேலை லேசாக முடியவில்லை. புவனேஸ்வர் என்ற இஞ்சினீயரும் அவருடைய சகாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகளைச் செய்தார்கள். ஒன்றில் கம்பி முறிந்தது. ஒன்றில் தேய்மானம் கண்டது. வேறொன்றில் சபையர் கல்லால் ஆன தட்டைப் பொருத்தி, செம்மறியாடுகளில் வைத்துச் சோதித்தார்கள். தட்டு உடைந்து ஓர் ஆடு இறந்தது. மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரியில் கெட்டியான உலோகக் கூண்டும், அதற்குள் திறந்து மூடும் பாலிஎதிலீன் தட்டும் வைத்தார்கள். யந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை திறந்து மூட விட்டுப் பார்த்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் மனித இருதயங்களில் ஏறியிருக்கின்றன. வெளிநாட்டு வால்வைவிட விலையும் குறைவு.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், வால்வு முறிந்தது தெரிந்தும் விற்றார்கள். மற்றொன்றில், ஆட்டின் நெஞ்சில் தட்டு உடைந்தது என்றதும் மாதிரியையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள். இந்திய விஞ்ஞானியின் மூளையும், மக்களின் வரிப்பணமும், பொதுத் துறையின் பொறுமையும் சேர்ந்தால் என்ன முடியும் என்பதற்குச் சித்ரா வால்வு சாட்சி. சித்ரா வால்வைத் தயாரித்து விற்கும் வேலை பின்னர் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் பணத்தில் பிறந்த பொருளின் விலையைச் சொல்லும் உரிமையும் மக்களுக்கு இருக்கவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

பென்சிலின் விஷயத்தில் நடந்தது என்ன? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உதவ, 1954-ல் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் சர்க்கார் பென்சிலின் தொழிற்சாலை ஏற்பட்டது. சோவியத் யூனியனின் உதவியோடு ரிஷிகேசத்தில் கிருமிக்கொல்லி மருந்துத் தொழிற்சாலையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவித் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றை வளர்க்க வேண்டியவர்கள் நலிய விட்டார்கள். 1990-களுக்குப் பிறகு பென்சிலின் மூலப்பொருளுக்காக இந்தியா வெளிநாட்டு இறக்குமதியை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. நீண்ட நாள் வேலை செய்யும் பென்சாத்தின் பென்சிலின் ஊசிதான் ருமாட்டிக் நோயைத் தடுக்கும் ஆயுதம். விலை மலிவு, ஆகவே லாபம் குறைவு, ஆகவே தயாரிக்க வருகிற கம்பெனிகளும் குறைவு. பல நாடுகளில் இந்த ஊசிக்குப் பஞ்சம் வந்தது இந்தக் காரணத்தால்தான். கொள்ளை லாபம் தரும் மருந்துக்கு எப்போதாவது பஞ்சம் வந்ததுண்டா?

அறுவைக்குப் பின்

வால்வை மாற்றிவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்கு ஏறிப் பக்கவாதம் வரும். கூடினால் ரத்தம் கசியும். ஆகையால் ரத்தம் உறையும் கணக்கை அடிக்கடி பரிசோதித்து மாத்திரையின் அளவைச் சரிபார்க்க வேண்டும். மாட்டுத் திசுவாலும் பன்றித் திசுவாலும் ஆன வால்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆயுள் முழுக்க இந்த மாத்திரை தேவையில்லை. ஆனால் அவை சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். இளவயதுக்காரருக்குச் சீக்கிரமே தேயும். மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009 முதல் சர்க்கார் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வால்வு அறுவைக்கும் அதில் இடம் உண்டு. எத்தனையோ ஏழைகள் அதனால் பிழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை நெஞ்சைத் திறந்து மூடும் நாளுக்குப் பணம் கொடுக்கிறது. அதன் பிறகு வருகிற முப்பது ஆண்டுகளுக்கு? மாதா மாதம் ரத்தப் பரிசோதனைக்கு ஜில்லா தலைநகரத்துக்குப் பஸ் ஏறவேண்டும். ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. நாற்று நடும் காலத்தில், அறுப்புக் காலத்தில், "அடுத்த மாதம் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். பல லட்சம் செலவழித்துப் பொருத்திய வால்வு, ஒரு பஸ் டிக்கட்டும் ஒரு நாள் கூலியும் இல்லாமல் அடைத்துக்கொள்கிறது. இதைவிட மடமையான சிக்கனம் வேறு உண்டா?

காலம் தப்பினால்

வால்வு நோயில் காலம்தான் எல்லாம். இருதயத் தசைக்குத் தெம்பு இருக்கும்போதே வால்வைச் சரிசெய்தால், வீங்கிய இருதயமும் பெரும்பாலும் சுருங்கி வேலைக்குத் திரும்பும். தசையே தோற்றுப்போன பிறகு வந்தால், அறுவையும் ஆபத்து. செய்தாலும் பலன் குறைவு. அப்போது மிச்சமிருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, இருதயத்துக்கு உதவும் யந்திரப் பம்பைப் பதிப்பது. அதன் விலை உழைப்பாளியின் கனவிலும் எட்டாதது. மற்றொன்று, மாற்று இருதயம். 1967-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் முதலில் அதைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். இந்தியாவில் 1994-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் வேணுகோபால் அதை வெற்றிகரமாகச் செய்தார். மகத்தான சாதனைகள். ஆனால் ஓர் இருதயம் கிடைக்க இன்னொரு குடும்பத்தில் ஒருவர் மூளைச் சாவு அடைந்திருக்க வேண்டும். காத்திருப்பவர் பலர், கிடைப்பது சிலருக்கு. லட்சக்கணக்கானவர்களின் நோய்க்கு அது வழியாகாது.

ஆகவே கடைசிப் படியில் நின்றுகொண்டு கைபிசைவதைவிட, முதல் படியில் நோயை மறிப்பதே புத்திசாலித்தனம்.

அது முடியுமா? முடியும். சோஷலிஸ்ட் கியூபா செய்து காட்டியது. பினார் டெல் ரியோ என்ற மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை பத்தாண்டுத் திட்டம் போட்டு வேலை செய்தார்கள். பெற்றோருக்கும், உபாத்தியாயருக்கும், வைத்திய ஊழியருக்கும் தொண்டைவலியைப் பற்றிக் கற்றுக்கொடுத்தார்கள். நோய் கண்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பதிவேட்டில் எழுதி, தவறாமல் பென்சிலின் ஊசி போட்டார்கள். ஆரம்பத்தில் பள்ளிப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் இருதய நோய் இருந்தது. பத்து ஆண்டில் அது நான்காயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. கியூபா பணக்கார நாடு அல்ல. அமெரிக்காவின் பொருளாதார முற்றுகையில் சிக்கித் தவித்த நாடு. அதற்கு முடிந்தது, விண்ணுக்கு ராக்கெட் விடும் இந்தியாவுக்கு முடியாதா? 2018-ல் உலக சுகாதாரப் பேரவையே இந்த நோயை ஒழிக்க எல்லா நாடுகளும் திட்டம் போடவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

நாம் கேட்பது

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பென்சாத்தின் பென்சிலின் ஊசி எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும். நோய் கண்ட பிள்ளைகளின் பதிவேடு வைக்கவேண்டும். ஊசிக்கு வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு நர்ஸ் வீட்டுக்குப் போகவேண்டும்.

பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைகளின் இருதயத்தைக் கேட்பதும், சந்தேகமானால் எக்கோ எடுப்பதும் கட்டாயமாக வேண்டும். கர்ப்பிணிப் பெண்களின் முதல் பரிசோதனையிலேயே இதைப் பார்க்கவேண்டும். கர்ப்ப காலத்தில் இருதயத்தின் சுமை கூடுகிறது. மறைந்திருந்த வால்வு நோய் அப்போதுதான் தாயின் உயிரோடு விளையாடுகிறது.

ஜில்லா தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்கோவும் இருதய டாக்டரும் வேண்டும். சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் வால்வு அறுவைக்குக் காத்திருக்கும் பட்டியலைக் குறைக்க, போதுமான சர்ஜன்களையும் நர்ஸ்களையும் நியமிக்க வேண்டும். காப்பீட்டுப் பணத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொட்டுவதற்குப் பதிலாக அதைக் கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரியைப் பலப்படுத்தலாம்.

2017-ல் இருதய ஸ்டென்ட்டுக்கு மத்திய சர்க்கார் உச்ச விலை விதித்தது. அதுவரை நடந்த கொள்ளை எவ்வளவு என்று நாடு தெரிந்துகொண்டது. அதே போல வால்வுக்கும் உச்ச விலை விதிக்க வேண்டும்.

வால்வு பொருத்தியவர்களுக்கு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். 2021-ல் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கியது. வால்வு நோயாளிக்கும் அந்த வழியைத் திறந்துவிட என்ன தடை?

இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. அது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை. காண்டிராக்ட் தொழிலாளிக்கும், மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கும் இ.எஸ்.ஐ. கார்டு கட்டாயம் கிடைக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிமீது நடவடிக்கை வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இல்லை. அறுவைக்குப் பிறகு மாதக் கணக்கில் வேலைக்குப் போகமுடியாத அவனுக்கும் அவளுக்கும் ஜீவனத்துக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடம் கேட்பது ஒரு பக்கம். நம் கையில் இருக்கிற காரியங்களும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் உப்புத் தண்ணீரோடு நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு மாறி மாறி வீங்கினால் "வளர்ச்சி வலி" என்று விட்டுவிடாதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர் பார்த்து ஊசி எழுதிக்கொடுத்தால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அவர் சொல்லும் ஆண்டு வரை, ஒன்றைக்கூட விடாதீர்கள். பிள்ளை ஓடியாடுகிறதே என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தக்கூடாது. உடம்புவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. ரத்தக் கசிவு வரும். பல் பிடுங்கப் போனால் முதலில் வால்வு இருப்பதைச் சொல்லவேண்டும். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்கவேண்டும். இந்த மாத்திரை வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

மில் யூனியன்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் போனஸையும் கூலியையும் பேசும் கூட்டத்தில் இதையும் பேசவேண்டும். தங்கள் பகுதியில் எத்தனை பேர் வால்வு நோயோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் அறுவைக்குக் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலோடு ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டிடமும் கலெக்டரிடமும் போகட்டும். தனி ஒருவன் போய் நின்றால் "அடுத்த வாரம் வா" என்பார்கள். சங்கமாகப் போனால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. லண்டனில் விரலை விட்ட சவுட்டர் முதல், திருவனந்தபுரத்து அரண்மனையில் வால்வு கடைந்தவர்கள் வரை பல நாட்டு மனிதர்கள் சேர்த்துவைத்த சொத்து இது. அது ஏதோ ஒரு நாட்டுக்கோ, பணம் படைத்த சிலருக்கோ சொந்தமல்ல. அதை மில் லைனுக்கும் வயல்காட்டுக் குடிசைக்கும் கொண்டுவந்து சேர்க்கும் வேலை பாக்கி இருக்கிறது. அந்த வேலையை ஜனங்களின் ஒன்றுபட்ட இயக்கத்தைத் தவிர வேறு யாரும் செய்யப்போவதில்லை.